கேந்திப் பூவும் ஏரிச் சேறும்: கூரத்துக்கு அப்பால் இரண்டு நாள்

காஞ்சிபுரம் என்றதும் நீங்கள் எதிர்பார்க்கும் எதுவும் இந்தப் பதிவில் இல்லை. கோயில் வரிசை, புடவைக் கடை, எந்த ஓட்டலில் இட்லி நன்றாக இருக்கும் என்ற சண்டை எல்லாவற்றையும் பிறர் எழுதிவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் என் பழைய பதிவிலிருந்து எடுத்துத்தான் எழுதினார்கள்; நன்றி என்று ஒருவரும் சொன்னதில்லை. நான் இந்த முறை போனது ஓர் ஏரியின் அடிச்சேற்றைப் பார்க்க. ஆனி மாதத்து முதல் சனியும் ஞாயிறும்.

அழைத்தவர் கயல்விழி. தேனிப் பக்கத்துப் பெண், முனைவர் பட்ட ஆய்வில் ஐந்தாம் ஆண்டு. என் பழவேற்காடு பதிவில் ஒரு தப்பைச் சுட்டிக்காட்டிப் பின்னூட்டம் போட்டவர். எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன், அவர் சொன்னதே சரி. அப்படித்தான் பழக்கம். ஏரிச் சேற்றைக் குழாயில் எடுத்து, அந்தக் காலத்து மழையையும் வறட்சியையும் கண்டுபிடிப்பது அவர் வேலை. "நீங்களும் ஒரு காலத்தில் மகரந்தம் பார்த்தவராமே, வாருங்கள்" என்று எழுதியிருந்தார். பார்த்தவன்தான். அந்தக் கதை பின்னால் வரும்.

சேறு எப்படி மழையைச் சொல்லும் என்று கேட்பீர்கள். ஏரிக்கு ஒவ்வொரு மழைக்காலமும் தண்ணீரோடு மண்ணும் வருகிறது. வெள்ளம் வந்த ஆண்டு பருமணல் வரும். அமைதியாகத் தேங்கிய ஆண்டில் மாவு போன்ற களிமண் படியும். ஏரி வற்றினால் தரை வெடிக்கும், அடுத்த மழையின் மண் அந்த வெடிப்புக்குள் இறங்கி வேறு நிறத்தில் கோடாக நிற்கும். இதோடு காற்றில் பறந்து வந்த மகரந்தத் தூளும் படிகிறது. பூ அழுகிவிடும், மகரந்தத்தின் மேலோடு அழுகாது. காற்றுப் புகாத சேற்றில் ஆயிரம் ஆண்டுகூடக் கிடக்கும். கோரையின் மகரந்தம் மிகுந்திருந்தால் அப்போது கரையெல்லாம் ஈரம்; வறண்ட நிலத்துச் செடிகளுடையது மிகுந்திருந்தால் தண்ணீர் இல்லை. ஒரு மீட்டர் சேற்றைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது பல தலைமுறைகளின் வானிலை அறிக்கை.

நம் பக்கத்து ஏரிகளில் ஒரு சிக்கல் உண்டு. இவை வெட்டிய ஏரிகள், எனவே ஏரியின் வயதுக்கு மேல் சேற்றுக்கு வயது கிடையாது. அதோடு தூர் வாருவார்கள். வண்டல் வயலுக்கு உரம் என்பதால் காலங்காலமாக வாரியிருக்கிறார்கள். வாரிய இடத்தில் பக்கங்கள் கிழிந்த புத்தகம்தான் கிடைக்கும். கயல்விழி பல ஏரிகளைப் பார்த்துவிட்டு, கூரத்துக்கு அப்பால் ஒன்றைப் பிடித்திருந்தார். (ஊர்ப் பெயரை இப்போது போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விடுகிறேன்.) அங்கே பழைய மதகை ஒட்டிக் கற்கள் சரிந்து கிடந்ததால் அந்த மூலையில் மட்டும் யாரும் மண் அள்ளவில்லை. இந்த ஆண்டு அந்தக் கற்களையும் எடுத்துவிட்டு அடியோடு வாரப் போகிறார்கள். ஞாயிறு காலை வேலை தொடக்கம். ஆக, அவருக்கு இருந்தது சனிக்கிழமை ஒன்றுதான். அது தவறினால் ஐந்தாண்டு ஆய்வுக்கு ஏரி இல்லை.

தாம்பரத்தில் காலை ஆறு மணிக்குப் பேருந்து. வாலாஜாபாத் வழி, ஐம்பத்தைந்து ரூபாய். நடத்துநர் மீதி ஐந்து ரூபாயைத் "தர்றேன் தர்றேன்" என்று சொல்லி, நான் இறங்கும்போது மறுபக்கம் பார்த்துக்கொண்டார். ஏழே முக்காலுக்குக் காஞ்சிபுரம். அங்கிருந்து ஏரி ஏறக்குறைய பதினான்கு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் ஐந்நூறு கேட்டார், முந்நூற்றைம்பதுக்கு வந்தார். ஊர்ப் பெயரைச் சொன்னதும் கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார்.

"குழாயெல்லாம் வெச்சுக்கினு வந்தாங்களே, அந்தப் பார்ட்டியா சார் நீங்க?"

"பார்க்கப் போகிறேன், அவ்வளவுதான்."

"அவங்களும் பாக்கத்தான் வந்தோம்னாங்க. இந்தப் பக்கம் யாரு பாக்க வந்தாலும், அப்பாலிக்கா நெலத்த அளக்க ஒருத்தன் வரான் சார்."

சேறு எடுக்கிறார்கள் என்றேன். சேற்றில் என்ன என்று கேட்டார். மழை என்றேன். அவர் கண்ணாடியைத் திருப்பிவிட்டு வேகத்தைக் கூட்டினார். போகிற வழியில் கூரம். பல்லவர் செப்பேட்டில் இந்த ஊர் ஏரியும், பாலாற்றிலிருந்து அதற்கு வெட்டிய கால்வாயும் வருகின்றன. இந்தத் தரையில் தண்ணீரைத் தேக்குவது எத்தனை பழைய வேலை என்று நினைத்தபடி வேலிகாத்தான் முட்களுக்கு நடுவே கரைமேல் ஏறினேன். அப்போதுதான் தேங்காய் உடைபடும் சத்தம் கேட்டது.

கரையில் ஏழு கன்னிமார் கற்கள். அவற்றின் முன்னே ஆள் கை தடிமனில், மீட்டர் நீளத்தில், கண்ணாடி போன்ற மூன்று பிளாஸ்டிக் குழாய்கள் கிடத்தப்பட்டிருந்தன. மூன்றுக்கும் மாலை, மூன்றுக்கும் மஞ்சள் குங்குமம். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் சொம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரை மூன்றாவது குழாயின் வாய்க்குள் ஊற்றிவிட்டு, கை நிறையப் பூவையும் உதிர்த்து உள்ளே போட்டார். ஏரிக்குள் மதகடிப் பள்ளத்தில் மட்டும் மிஞ்சியிருந்த முழங்காலளவுத் தண்ணீரில் நின்று, கிணற்று மோட்டார் தூக்கும் இரும்பு முக்காலியைக் கட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்து ஓடிவந்தார். அவர்தான் கயல்விழி.

"அண்ணா! மூடிய ஏண்ணா தொறந்தீங்க?"

"மூடி போட்டுக்கினு பூஜை பண்ணா சாமி எப்டிமா உள்ள போவும்?" என்றார் வேட்டிக்காரர். பெயர் தேவராஜ். முன்னாள் வார்டு மெம்பர், விவசாயக் குடும்பம், இப்போது ஊர்ச் சாலையில் பிளெக்ஸ் பேனர் கடை. முக்காலி, ஆட்கள், கயல்விழி தங்கிய வீடு எல்லாமே அவர் ஏற்பாடு. "ஊர்ல எத்தினி போர் எறக்கிக்கிறேன், மஞ்சத்தண்ணி ஊத்தாம ஒரு பைப்பு உள்ள போனதில்ல. கன்னிமாரு ஏரிமா இது. உனுக்கு நல்லதுக்குத்தான்."

போர்க்குழாய் கீழே போய்த் தங்குவது. இந்தக் குழாய் கீழே இருப்பதை மேலே கொண்டுவருவது. உள்ளே எது ஒட்டியிருந்தாலும் அது சேற்றோடு கலந்துவிடும். தேவராஜுக்கு அந்த வித்தியாசத்தை யாரும் சொல்லவில்லை. அவர் தாராளமாகப் போட்டது கேந்திப் பூ, துலுக்கச் சாமந்தி என்பார்களே, அது. உதிரும்போதே மகரந்தத்தைக் கொட்டுகிற பூ.

"நான் அப்பவே சொன்னேன், அந்தப் பொண்ண ஒரு வார்த்த கேளுன்னு" என்றார் தேவராஜின் மனைவி சரோஜா. "எங்க கேக்கறாரு. மைக்கக் குடுத்தாதான் இவருக்கு எதுத்தாப்ல ஆளு இருக்கறதே தெரியும்."

கயல்விழி கத்தவில்லை. அழுவார் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. கேன் தண்ணீர் எட்டு வரவழைத்தார். கேன் நாற்பது ரூபாய். மூன்று குழாய்களையும் துணி சுற்றிய கழியால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு சரோஜாவிடம் திரும்பி, "அக்கா, மிச்சப் பூ இருந்தா ஒரு கைப்பிடி குடுங்க. அந்த மஞ்சளும் கொஞ்சம்" என்று கேட்டு வாங்கித் தனித்தனிப் பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு பூஜையா?" என்றார் தேவராஜ் ஆவலாக.

"இல்லண்ணா. திருடன் உள்ள வந்திருந்தா அடையாளம் காட்டணுமில்ல, அதுக்கு போட்டோ."

எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. உங்களுக்காகச் சொல்கிறேன். கேந்தி நம் நாட்டுப் பூ இல்லை, கப்பலேறி வந்தது. ஆழத்துச் சேற்றில் அது இருக்க வழியில்லை. அதைவிட முக்கியம், இன்று உதிர்ந்த மகரந்தம் உள்ளே கொழகொழப்பும் மேலே மஞ்சள் எண்ணெயுமாக நிரம்பியிருக்கும். பழையது வெறும் கூடு. ஆழத்துச் சேற்றில், முள்முள்ளாக, மஞ்சளாக, நிரம்பிய உருண்டை ஒன்று தெரிந்தால் அது காலையில் தேவராஜ் போட்டது. தெரியாவிட்டால் சேறு சுத்தம். கலப்படம் செய்த பூவே கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கும்.

பத்து மணிக்கு இறக்கினார்கள். முதலில் அகலமான உறைக்குழாய். அதற்குள் மாதிரிக் குழாயை விட்டு, மேலே கட்டை வைத்துச் சம்மட்டியால் அடி. மேல்வாயை ரப்பர் மூடியால் இறுக்கிவிட்டுச் சங்கிலியால் இழுத்தால், உறிஞ்சிய பானம் குழலில் நிற்பதுபோலச் சேறு அப்படியே மேலே வருகிறது. முதல் மீட்டரில் ஷாம்பு பாக்கெட், வேர், கலங்கிய மண். எதிர்பார்த்ததுதான். இரண்டாவது குழாய் வந்தபோது நான் கிட்டே போனேன். கரும்பழுப்புக் களிமண், நடுவே விரல் தடிமனில் வெள்ளை மணல், அதன் கீழே மேலிருந்து இறங்கிய வெடிப்பு ஒன்று நாக்கு நீட்டினாற்போல. ஏதோ ஓர் ஆண்டு இந்த ஏரி வெடித்துக் கிடந்திருக்கிறது, பிறகு ஒரு வெள்ளம். எந்த ஆண்டு என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது, ஆய்வகம்தான் சொல்லும். ஆனால் நடந்தது என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. மூன்றாவது குழாய் மூன்று மணிக்கு. அதன் அடியில் ஏரிச் சேறு முடிந்து, பழைய தரையின் செம்மண் தட்டியது. ஏரி பிறப்பதற்கு முந்தைய மண்.

மேசை, விளக்கு, மின்சாரம் மூன்றும் ஒருசேர இருந்த இடம் தேவராஜின் பேனர் கடை. ஒரு பக்கம் காதுகுத்து பேனர், இன்னொரு பக்கம் ஆறடி உயரத்தில் கைகூப்பிய தேவராஜே. நடுவில் நுண்ணோக்கி. முதல் குழாயில் கலங்கிய மண்தான் என்பதால் அதை விட்டுவிட்டு, மற்ற இரண்டையும் நீளவாக்கில் ரம்பத்தால் பிளந்தோம். சேற்றை அறுக்கப் பக்கத்துத் தறிக்காரர் வீட்டிலிருந்து சரோஜா வாங்கிவந்த முறுக்குப் பட்டு இழை. கொழுக்கட்டை மாவை அறுப்பது போல் வழுக்கிக்கொண்டு போனது. முதலில் காலைப் பூவைக் கண்ணாடித் தகட்டில் தட்டிப் பார்த்தோம். கண்கொள்ளாத மஞ்சள் முள்ளுருண்டைகள். அடையாளம் கிடைத்தது.

"சார், நான் தகடு செய்றேன். நம்பர் மட்டும்தான் போடுவேன். எந்தக் குழாய்னு உங்களுக்குத் தெரியக்கூடாது" என்றார் கயல்விழி. "நான் பாத்தா எனக்கு எது வேணுமோ அதுதான் தெரியும்."

இப்போது அந்தப் பழைய கதை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஒரு பல்கலைக்கழகத்தில் நான் மகரந்த ஆய்வு செய்துகொண்டிருந்தேன். என் வழிகாட்டி என் முடிவுகளைப் பார்த்துவிட்டு, "எல்லாம் கலப்படம்" என்று ஒரே வார்த்தையில் திருப்பிக் கொடுத்தார். எந்த மாதிரி, எந்த ஆழம், எதனால் என்று கேட்டேன். "எனக்குத் தெரியும்" என்றார். அந்த ஆய்வகத்து இடம் பிறகு யாருக்குப் போனது, அவருக்கு வழிகாட்டி என்ன உறவு என்பதை இங்கே எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும். நான் காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். அதற்குப் பின் நுண்ணோக்கியில் கண் வைத்தது அன்றைக்குத்தான்.

கண் மறக்கவில்லை. புல், புல், கோரை, மறுபடி கோரை, கசங்கிய பைபோல் பெயர் தெரியாத ஒன்று. எல்லாம் வெறும் கூடுகள். குழாய் ஓரத்துச் சேற்றில் செய்த தகடுகள் சிலவற்றில் மஞ்சள் உருண்டை இருந்தது. அது எதிர்பார்த்ததே, குழாயை உரசிய சேறு அது, ஆய்வுக்கு எடுப்பது நடுச்சேற்றைத்தான். ஆறாவது தகட்டின் மூலையில் ஒன்று நின்றது. முழுசாக, எண்ணெய் மினுங்க, அப்போதுதான் பறித்ததுபோல. பக்கத்தில் இன்னொன்று.

வாயைத் திறந்தால் எந்த வார்த்தை வரும் என்று எனக்குத் தெரியும். யாரிடமிருந்து அதைக் கேட்டேன் என்பதும் தெரியும். இரண்டு நிமிடம் குவியத்தைத் திருகிக்கொண்டே இருந்தேன்.

"ஆறு எதும்மா?"

"எதுக்கு சார்?"

"வந்து பார்."

அவர் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "ரெண்டாவது குழாய். நடு" என்றார். அந்தக் குழாயின் ரப்பர் மூடியைப் புரட்டினார். கழுவும்போது எட்டாத பள்ளத்தில் மஞ்சள் கோடு. அங்கிருந்துதான் மூடியை இறுக்கி இழுக்கும்போது உதிர்ந்து, வெடிப்பில் நிறைந்த தளர்ந்த மணல் வழியே நடுவுக்கு இறங்கியிருக்கிறது. நான் பார்த்து வியந்த அதே வெடிப்பு. மூன்றாவது குழாயின் நடுச்சேறு சுத்தம். ஆனால் இடையில் ஒரு மீட்டர் இல்லாமல் மழையின் கதையை எப்படிச் சொல்வது?

எனக்கு அன்று தோன்றியது இதுதான்: என் வழிகாட்டி என்னிடம் ஒரு தகட்டைக்கூடக் காட்டவில்லை.

வாசலில் தேநீரோடு நின்ற தேவராஜுக்கு முகம் சுருங்கியது. "இத்துனூண்டு பூவா? கண்ணுக்கே தெரியாததுக்கா இம்மாம் பஞ்சாயத்து?"

"வாங்கண்ணா, நீங்களே பாருங்க."

குனிந்து பார்த்தார். நிமிரவில்லை. "தோ பார்றா... கேந்தியேதான்" என்றார். பிறகு மெதுவாக, "நாளிக்கி இன்னொரு தபா எடுத்தா ஆவாதா?"

"பொக்லைன் காலைல அங்கதானே எறங்குது?"

தேவராஜ் காதைச் சொறிந்தார். விஷயம் என்னவென்றால், முதல் நாள் வண்டல் யார் வயலுக்கு என்பது ஊரில் பெரிய மரியாதை. மதகு மூலையில் தொடங்கினால் தேவராஜின் ஆட்களுக்கு. வடக்குக் கோடியில் தொடங்கினால், போன தேர்தலில் அவரைத் தோற்கடித்தவரின் ஆட்களுக்கு. தன் பக்கத்தில் எல்லாருக்கும் வாக்குக் கொடுத்திருந்தார்.

"வடக்கால ஆரம்பிச்சா அந்தாளு மொத லோடுக்கு மால போட்டு போட்டோ எடுத்துப்பான்பா. என் கடைலயே வந்து பேனர் அடிப்பான்!"

"அடிக்கட்டும், காசு வாங்கிக்கினு அடி" என்றார் சரோஜா. "யாரு போட்ட பூ? அந்தப் பொண்ணு போட்டுச்சா? படிப்பு போச்சுன்னா நீ குடுப்பியா?"

அவர் பேனரில் இருந்த தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெளியே போய் போன் பேசினார். குரல் மட்டும் கேட்டது. "ஆமாண்டா, வடக்காலதான்... நான்தான் சொல்றேன்... ஏன்னு கேக்காத, வெச்சிடு." எத்தனை பேருக்குப் பேசினார் என்று தெரியவில்லை. உள்ளே வந்தபோது சட்டை நனைந்திருந்தது. "மத்தியானம் வரைக்கும்தான்மா. அதுக்கு மேல என்னால ஆவாது."

நான் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தருகே விடுதியில் தங்கினேன். தொள்ளாயிரம் ரூபாய், கொசுவுக்குத் தனிக்கட்டணம் இல்லை. காலை ஆறரைக்கு ஏரியில் இருந்தேன். முதல் குழாயின் கலங்கிய சேற்றைத் தாளில் தள்ளிவிட்டு, சரோஜாவின் கல்யாண அண்டாவில் வெந்நீர் வைத்து அந்தக் குழாயைக் கழுவியிருந்தார்கள். கழுவிய கடைசித் தண்ணீரைக் கயல்விழி நுண்ணோக்கியில் பார்த்து, ஒன்றும் இல்லை என்ற பிறகே இறக்கினார். பழைய துளையிலிருந்து ஒரு கை தள்ளிப் புதுத் துளை. தூரத்தில் வடக்குக் கோடியில் பொக்லைனுக்கு மாலை, தேங்காய், பட்டாசு. யாரோ மைக்கில் பேசினார்கள். தேவராஜ் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சங்கிலியை அவரே இழுத்தார். கன்னிமாருக்கு என்ன செய்யப் போகிறார் என்று கேட்டேன்.

"சூடம் ஏத்திட்டேன் சார், தோ அந்தாண்ட. காத்து இந்தப் பக்கம் வராத எடமாப் பாத்து."

பதினொன்றரைக்குக் குழாய் மேலே வந்தது. அதே மணல், அதே வெடிப்பு, ஒரு கை தள்ளி அப்படியே. கடைக்கு எடுத்துப்போய்ப் பிளந்து, நம்பர் போட்டு, பன்னிரண்டு தகடு. இரண்டு மணி நேரம் பார்த்தேன். புல், கோரை, கரித்துகள், கூடுகள். ஒன்பதாவதில் முள்ளுருண்டை ஒன்று தென்பட்டது. குவியத்தைச் சரிசெய்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. நிறமில்லாத, நசுங்கிய வெறும் கூடு. ஏரிக்கரையில் என்றோ பூத்த கரிசலாங்கண்ணியாக இருக்கலாம். யாரும் போடாமல் தானே விழுந்தது.

"சுத்தம்" என்றேன். அந்த வார்த்தையை நான் யாருக்கும் சொன்னதும் இல்லை, எனக்கு யாரும் சொன்னதும் இல்லை. கயல்விழி நாற்காலியைத் தேடாமல் தரையிலேயே உட்கார்ந்தார். கெட்டுப்போன குழாயை எறிய வேண்டாம் என்றார். பூவால் என்ன ஆனது என்பதையும் ஆய்வேட்டில் படத்தோடு எழுதப் போகிறாராம்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சித்திரை முதல் ஆனி வரை ஏரிகள் வற்றியிருக்கும், அடுக்குகளைப் பார்க்க ஏற்ற காலம். தூர் வாரும் இடத்தில் வெட்டுமுகத்தில் தெரியும் கோடுகளே போதும், குழாய் வேண்டியதில்லை. ஈரச் சேற்றில் தனியாக இறங்காதீர்கள், இடுப்புவரை இழுத்துவிடும். போவதற்கு முன் ஊரில் யாரிடமாவது எதற்கு வந்தோம் என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நிலம் அளக்க வந்தவர் ஆவீர்கள். கூரத்துக் கோயிலைக் காலையிலேயே பாருங்கள். செப்பேடு ஊரில் இல்லை, தேடி அலைய வேண்டாம். திரும்ப ஆட்டோ கிடைக்காது, வந்தவரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை. நான்கு கிலோமீட்டர் நடந்தேன்.

நாங்கள் துளைத்த மூலையை மட்டும் நீங்கள் பார்க்க முடியாது. ஞாயிறு மத்தியானமே பொக்லைன் அங்கே வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை கயல்விழி போன் செய்தார்: மதகடி வண்டல் முழுவதும் லாரி ஏறி வயல்களில் கொட்டியாகிவிட்டது, மேலே ஏர் ஓட்டுகிறார்கள். அந்த ஏரி கண்ட மழையெல்லாம் இப்போது மூன்று குழாயில் இருக்கிறது.